சட்டை ஒன்றின் கணக்கு

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பார்கள். ஆளைப் பற்றி நம் ஆண்டு மலரில் எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன. மற்றப் பாதியைப் பற்றி எழுத எனக்குச் சில பக்கங்கள் ஒதுக்கிய ஆசிரியர் குழுவுக்கு முதலில் என் நன்றி.

சென்ற பருவத்தில் ஒரு நாள், செய்முறை வகுப்பு முடிந்து கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது, “பட்டம் வாங்கிய பிறகு என்ன செய்வதாக உத்தேசம்?” என்று எங்கள் விரிவுரையாளர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். ஆசிரியப் பயிற்சி என்றாள் ஒருத்தி. காவல்துறை என்றான் ஒருவன். என் முறை வந்ததும், “துணி வியாபாரம் செய்யப் போகிறேன் ஐயா, யாரையும் வதைக்காத துணி” என்றேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “கணக்குப் போட்டுப் பார்த்தாயா?” என்று மட்டும் கேட்டார். போட்டிருக்கவில்லை. அந்தக் கேள்விக்கு நானும் என் தாயாரும் தேடிய விடைதான் இது.

என் தாயார் தையல்காரர். போலகத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு கால்மிதி இயந்திரம் இருக்கிறது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். என்னைப் படிக்க வைப்பதில் அந்த இயந்திரத்துக்குப் பாதிப் பங்கு. மீதிப் பங்கு யாருடையது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பள்ளியில் படிக்கும்போது என் நீலப் பாவாடையின் கீழ்விளிம்பில் நாலு விரற்கடை துணியை அம்மா உள்ளே மடித்துத் தைத்திருப்பார். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் ஒரு மடிப்பைப் பிரித்துவிடுவார். பழைய மடிப்பு இருந்த இடத்தில் மட்டும் நிறம் மங்காமல் ஒரு கோடு தெரியும். எட்டாம் வகுப்பில் என் பாவாடையில் மூன்று கோடுகள் இருந்தன. அதைப் பார்த்துத் தோழிகள் கேலி செய்வார்கள், நானும் அழுதிருக்கிறேன். சந்தையில் வாங்கிய ஆயத்தச் சட்டை ஒன்றை யாராவது அளவு கூட்டித் தரச் சொல்லிக் கொண்டுவந்தால், அம்மா உள்பக்கத்தைப் பிரித்துக் காட்டுவார். தையலுக்கு வெளியே கால் அங்குலத் துணிகூட இராது. “பிரிக்கிறதுக்கு எடமே விடலையே, நான் எங்கேருந்து கொடுக்கிறது?” என்பார். ஓர் ஆடை நீடித்து உழைக்க வேண்டும் என்று எண்ணித் தைத்தவனா, இல்லையா என்பதை அந்தக் கால் அங்குலம் காட்டிக்கொடுத்துவிடும். லட்சம் சட்டை தைக்கிற இடத்தில், ஒரு சட்டைக்குக் கால் அங்குலம் மிச்சம் பிடித்தால் எத்தனை பேல் துணி மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள்.

மேலை நாடுகளில் இப்போது ‘ஸ்லோ ஃபேஷன்’ என்று ஓர் இயக்கம் பேசப்படுகிறது. கேட் ஃபிளெட்சர் என்ற இங்கிலாந்து ஆய்வாளர் 2007-ல் இச்சொல்லை வழக்கில் விட்டார். மாதத்துக்கு ஒரு மோஸ்தர் என்று வாங்கி எறியாமல், குறைவாக வாங்கு, நெடுநாள் உடுத்து, கிழிந்தால் தைத்துக்கொள், செய்தவருக்கு உரிய கூலி கிடைத்ததா என்று பார் – இவ்வளவுதான் அதன் சாரம். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று கோட்டுப் பாவாடை உடுத்தியவளுக்கு இதை எவர் கற்பிக்க வேண்டும்? கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று வளர்ந்த வீடுகளுக்கு இந்த உபதேசம் தேவையில்லை. ஆனால் கடைசிப் பகுதி, அந்தக் கூலிப் பேச்சு, சிரிக்கக்கூடியதன்று.

காரைக்கால் பகுதியில் சம்பா அறுவடைக்குப் பின் நெல் வயலிலேயே பருத்தி போடும் வழக்கம் உண்டு. வெயிலில் வெடித்த பஞ்சைப் பெண்கள் குனிந்து பறித்து மடியில் கட்டுகிறார்கள். மழை முந்திக்கொண்டால் பஞ்சு கறுத்து விலை போகாது. தப்பியது மூட்டையாகி மேற்கே, நூற்பாலைகளை நோக்கிப் போகிறது. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்களும் அதே திசையில்தான் போகிறார்கள். என் அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு திருப்பூருக்குப் போனாள். என் படிப்பின் மீதிப் பங்கு அவளுடையது.

அவள் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பகுதியில் இருக்கிறாள். விடுமுறைக்கு வந்தபோது, “எத்தனை மணி நேரம் வேலை?” என்று கேட்டேன். “ஒன்றரை ஷிப்டு” என்றாள், ஏதோ ஒன்றரைப் படி அரிசி என்பதுபோல. ஒன்றரை ஷிப்டு என்றால் பன்னிரண்டு மணி நேரம். ஆர்டர் நெருக்கடி என்றால் அதற்கும் மேலே. அவள் கைபட்ட சட்டை எந்த நாட்டுக்குப் போகிறது, என்ன விலைக்குப் போகிறது என்பது அவளுக்குத் தெரியாது. விலைச்சீட்டு கட்டும் வேலை வேறு மேசை.

இந்த எட்டு மணி நேரக் கணக்கைப் பற்றி நம் மாணவர்களுக்கு ஒரு செய்தி சொல்லியே ஆகவேண்டும். பலருக்குத் தெரியாது என்பதை விடுதித் தோழியரிடம் கேட்டே உறுதி செய்துகொண்டேன். நம் காரைக்காலைப் போலவே பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த புதுச்சேரியில், 1936 ஜூலை 30-ஆம் நாள், சவானா ஆலைத் தொழிலாளர் போராட்டத்தின்மீது காவலர் சுட்டதில் பன்னிரண்டு பேர் மாண்டனர். அவர்கள் நெசவாலைத் தொழிலாளர்கள். வ. சுப்பையா முதலியோர் முன்னின்று நடத்திய அப்போராட்டத்தின் விளைவாக 1937-ல் பிரெஞ்சிந்தியாவுக்கு எட்டு மணி நேர வேலை என்ற சட்டம் வந்தது. ஆக, துணித் தொழிலில் நெறி என்பது எந்த முதலாளியின் கருணையாலும் இம்மண்ணுக்கு வரவில்லை. புதுவையின் பெரிய ஆலைகளோ 2020-க்குள் அடுத்தடுத்து மூடப்பட்டுவிட்டன. அதே மண்ணின் மகள் முந்நூறு கிலோமீட்டர் தாண்டிப் போய் ஒன்றரை ஷிப்டு நிற்கிறாள்.

“அதனால்தானே கைத்தறி, இயற்கைச் சாயம் என்று போகச் சொல்கிறோம்” என்பார் சிலர். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். வேதியியல் மாணவி என்ற முறையில் சாயத்திலிருந்தே தொடங்கினேன்.

பருத்தித் துணிக்கு ஆலைகளில் ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது, சாயம் நீரைவிட்டு நூலில் பிடிக்க உப்பு வேண்டும். அடர்ந்த நிறமானால் ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோவுக்கு மேலேகூட உப்புச் செலவாகும். அவ்வளவு உப்பும் துணியில் தங்குவதில்லை. கழிவு நீரோடு போய்விடும். நிறத்தை நீக்குவது எளிது, உப்பை நீக்குவது கடினம். நொய்யல் ஆறு கெட்ட கதை இதுதான். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாகிப் போயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப் பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. கழிவு நீரை ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு அதன் பிறகே அங்கு உறுதிப்பட்டது. உப்புக் காற்றில் வாழும் எங்களுக்கு, உப்பேறிய நிலம் என்றால் என்னவென்று எவரும் விளக்க வேண்டியதில்லை.

அவுரியின் கதை வேறு. அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. சுண்ணாம்பு நீரில் தகரை விதை முதலியவற்றைப் போட்டு நொதிக்க வைத்தால் அந்தத் தொட்டியில் நீலம் தன் நிறத்தை இழந்து கரைகிறது. துணியை முக்கி எடுக்கும்போது மஞ்சள் பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்முன்னே நீலமாக மாறும். நம் பாடப் புத்தகத்தில் ஒடுக்கம், ஏற்றம் என்று இரண்டு வரியில் வருவது இதுதான். பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியில் இப்படி நீலம் ஏற்றிய ‘கினே’ துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போயிருக்கிறது. அங்கே அதைக் கொடுத்துப் பிசின் வாங்கினார்களாம், துணியே காசாக. கைத்தறி, இயற்கைச் சாயம் இரண்டும் நூற்றுக்கு நூறு இருந்த வியாபாரம் அது. அதை நெய்தவரும் நீலத் தொட்டியில் கைவிட்டவரும் அதனால் செல்வராகவில்லை. துணி இயற்கையானது என்பதாலேயே வியாபாரம் நேர்மையாகிவிடாது. இயற்கைச் சாயத்திலும் நிறம் பிடிக்கப் படிகாரம் போட்டால் பெரிய கேடில்லை. மயில்துத்தமும் டைகுரோமேட்டும் போட்டுவிட்டு ‘இயற்கை’ என்று சீட்டு ஒட்டினால் அது பித்தலாட்டம்.

கைத்தறியின் நிலையும் இதுவே. 2019–20-ல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. இந்தத் தொழிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நம் பாட்டிமார் கல்யாணத்துக்குக் கட்டிய கூறைப்புடவை மாயூரத்தை அடுத்த கூறைநாட்டில் பட்டும் பருத்தியும் கலந்து நெய்தது. என் பாட்டியின் கூறை இன்னும் எங்கள் தகரப் பெட்டியில் இருக்கிறது. கரை நைந்தும் நிறம் போகவில்லை. ஆனால் கூறைநாட்டிலோ தறிகள் அருகிப்போயின. புடவை நிலைத்துவிட்டது, நெய்தவர் நிலைக்கவில்லை. இதற்கு ‘நிலைத்த தொழில்’ என்று பெயர் வைப்பது எப்படி?

இந்த இடத்தில்தான் எனக்குத் தஞ்சாவூரில் பிறந்த ஒருவரின் துணை கிடைத்தது. ஜே. சி. குமரப்பா 1892-ல் தஞ்சையில் பிறந்தவர். தொழிலால் கணக்குத் தணிக்கையாளர். பம்பாயில் கோட்டும் சூட்டுமாகத் தணிக்கை செய்துகொண்டிருந்தவர் காந்தியடிகளோடு சேர்ந்து கிராமத் தொழில்களுக்கே வாழ்வைக் கொடுத்தார். சிறையிலிருந்தபோது எழுதிய ‘நிலைத்த பொருளாதாரம்’ என்ற ஆங்கில நூல் 1945-ல் வெளிவந்தது. ஒரு பொருளை வாங்குகிறவனுக்கு, அது எப்படிச் செய்யப்பட்டது என்பதிலும் பொறுப்பு உண்டு என்பது அவர் வாதம். திருட்டுப் பொருளை மலிவாக வாங்கியவன் நல்லவன் ஆகமாட்டான் அல்லவா? ஒரு தணிக்கையாளர் இதைச் சொன்னது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. விலை எங்கே குறைந்திருக்கிறதோ அங்கே யாருடைய பற்று விடுபட்டிருக்கிறது என்று பார்ப்பதுதானே அவர் படிப்பு!

காந்தியடிகளும் இதே முடிச்சில் சிக்கியிருக்கிறார். கதர் நூற்ற பெண்களுக்கு மிகக் குறைந்த கூலி போவது கண்டு, எட்டு மணி நேர நூற்புக்கு எட்டணாவாவது தரவேண்டும் என்று 1935-ல் அகில பாரத சர்க்கா சங்கத்தை வற்புறுத்தினார். கூலியைக் கூட்டினால் கதர் விலை ஏறும், விற்காது என்று ஊழியர்கள் அஞ்சினார்கள். சங்கம் கூலியை உயர்த்தியது. ஆனால் எட்டணாவுக்கு வெகு கீழேயே நின்றுவிட்டது. தொண்ணூறு ஆண்டுகள் கழித்தும் துணி வியாபாரம் செய்ய நினைப்பவர் முன்னே நிற்பது அதே கணக்குத்தான்.

இனி எங்கள் கணக்கு. ஓர் ஆள் சட்டைக்கு இரண்டரை மீட்டர் கைத்தறித் துணி. சாதாத் துணியானால் ஒரு தறியில் நாளைக்கு நாலு மீட்டர் இறங்கும். மீட்டருக்கு 150 ரூபாய் கூலி வைத்தால் நாளைக்கு 600. அதை ஒருவர் கூலியாக நினைத்தால் தவறு. தறியில் இருப்பவர் ஒருவர், தார் சுற்றிக் கொடுப்பவர் இன்னொருவர். அந்த இன்னொருவர் பெரும்பாலும் மனைவி, அவர் கூலி எந்தச் சீட்டிலும் ஏறுவதில்லை. ஆகவே சட்டைக்கு நெசவுக் கூலி 375 ரூபாய். நூலும் சாயமும் 250. தையல் 300, உள்ளே மடிப்பு விட்டு, காஜா கையால் எடுத்து, நாளைக்கு இரண்டு சட்டைக்கு மேல் தைக்க முடியாது என்பது அம்மாவின் தீர்ப்பு. பட்டன், நூல், காலர் கேன்வாஸ் 50. வண்டிக்கூலி, கட்டு 50. ஆக 1,025. இடவாடகை, வட்டி, விற்காமல் நிற்பது, கடை நடத்துபவளின் கூலி எல்லாம் சேர்த்து 275. சட்டை விலை 1,300 ரூபாய்.

காரைக்கால் ஞாயிற்றுச் சந்தையில் இருநூறு ரூபாய்க்குச் சட்டை இருக்கிறது. கைப்பேசியில் தட்டினால் 399-க்கு வீட்டுக்கே வருகிறது. என் சட்டையை எவர் வாங்குவார்? ‘பணக்காரர் வாங்கட்டும்’ என்று விட்டுவிடலாம். பெருநகரங்களில் இத்தகைய கடைகள் பல அப்படித்தான் நடக்கின்றன. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. மானாவாரியில் ரசாயனமின்றி விளைந்த பருத்தியை விவசாயியிடம் நியாய விலைக்கு வாங்கி, விதை முதல் தையல் வரை கைகள் பலவற்றுக்கும் கூலி கிடைக்கச் செய்யும் சென்னை ‘துலா’வைப் போன்ற முயற்சிகள் இருக்கின்றன. சென்னிமலைப் பக்கம் கணினி வேலையை விட்டுவிட்டுத் தறிகளை மீட்க வந்த இளைஞரின் ‘நூற்பு’ இருக்கிறது. 1935-லேயே கூட்டுறவாகத் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ், பட்டுப் புடவையோடு நெய்தவரின் பெயரும் படமும் கொண்ட அட்டையை இணைத்த செய்தியைப் படித்து நான் மகிழ்ந்ததுண்டு. அந்த அட்டையில் பெயருக்குக் கீழே நெய்தவர் பெற்ற கூலியையும் அச்சடித்தால் என் மகிழ்ச்சி இரட்டிப்பாகும். பெயரைப் போடுவது மரியாதை. கூலியைப் போடுவது கணக்கு.

ஆனால் தன் கையால் தைத்த சட்டையை என் அக்காவே வாங்க முடியாத கடையை நான் நடத்த விரும்பவில்லை. இதைப் பற்றி வீட்டில் நாலு நாள் வாக்குவாதம் நடந்தது. முடிவில் வழியைக் கண்டுபிடித்தவர் அம்மாதான். “தீபாவளிச் சீட்டு மாதிரி பிடியேன்” என்றார்.

நம் பக்கத்தில் அறியாதவர் இல்லை. தை முதல் ஐப்பசி வரை பத்து மாதம். மாதம் 130 ரூபாய் கட்டினால் தீபாவளிக்குச் சட்டை. மொத்தமாக 1,300 ரூபாயை எண்ணி வைக்க முடியாத வீடும் மாதம் 130 வைக்க முடியும். இதில் இன்னொரு நன்மை உண்டு. அதை நினைத்து எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. நிதானமாக நெய்து நிதானமாக விற்பதில் பெரிய இடர், பணமும் நிதானமாக வருவதுதான். துணி விற்று முடியும்வரை நெசவாளர் காத்திருக்கிறார். தரகரிடம் முன்பணம் வாங்குகிறார். வாங்கிய நாளே கூலி அவர் கையைவிட்டுப் போய்விடுகிறது. சீட்டுப் பணமோ தை மாதமே வருகிறது. பாவு ஓடும்போதே கூலி கொடுத்துவிடலாம். எத்தனை சட்டை என்பதும் முன்கூட்டியே தெரியும். தள்ளுபடி போட்டுத் தள்ள வேண்டிய மிச்சம் இராது. ஆளை அளந்து தைப்பதால் அளவு தவறித் திரும்பி வருவதும் குறையும்.

சீட்டுப் பிடித்து ஐப்பசிக்கு முன்னாலேயே ஊரைவிட்டு ஓடியவர்களின் கதை எங்கள் தெருவிலும் உண்டு. அம்மாவும் ஒரு முறை ஏமாந்தவர். ஆகையால் இது தனியொருவர் கையில் இருக்கக்கூடாது. முறையாகப் பதிவு செய்த கூட்டுறவாக இருக்க வேண்டும், கட்டியவர், தைத்தவர், நெய்தவர் மூவரும் கணக்கேட்டைப் புரட்டிப் பார்க்கும் உரிமையோடு. 2013 ஏப்ரலில் வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து ஆயிரத்து நூறு பேருக்கு மேல் மாண்டார்களே, அந்தக் கட்டடத்தில் தைத்த துணிகளுக்கும் நன்னடத்தை விதிகள் எழுதி வைத்த வெளிநாட்டுக் கம்பெனிகள் சொந்தக்காரர்களாக இருந்தன. விதி எழுதுவதில் குறைவில்லை. தைப்பவள் எழுந்து கேள்வி கேட்க இடமில்லாமல் இருந்ததே குறை. திண்டுக்கல்லில் 2022-ல் பெண் தொழிலாளர்கள் தலைமையேற்ற சங்கம் ஒன்று, பெரிய ஏற்றுமதி நிறுவனத்தோடும் அயல்நாட்டு விற்பனைக் கம்பெனிகளோடும் எழுத்து மூலமாக ஒப்பந்தம் செய்துகொண்டது. தொல்லை தருகிற மேற்பார்வையாளரைப் பற்றி அச்சமின்றிப் புகார் செய்யும் உரிமை அதில் உண்டு. கருணையைவிட எனக்கு அந்தக் காகிதத்தின்மேல் நம்பிக்கை அதிகம்.

இது நடக்குமா என்று என்னைக் கேட்டால், முதலாண்டில் முப்பது சட்டை நடக்கும் என்பேன். தெருவில் பன்னிரண்டு பேர் ‘சரி’ என்றிருக்கிறார்கள். இக்கட்டுரையைப் படிக்கும் விரிவுரையாளர்கள் சிலர் சேர்ந்தாலும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

அக்கா மாங்கனித் திருவிழாவுக்கு வந்திருந்தாள். கணக்கெழுதிய நோட்டை அவளிடம் நீட்டினேன். வரி வரியாக விரல் வைத்துப் படித்தாள். செக்கிங் மேசையில் பிசிறு தேடுகிற அதே பார்வை. கடைசி வரிக்கு வந்ததும் மேலே போய் மறுபடி ஒரு முறை பார்த்தாள்.

“பாப்பா, இதுல செக்கிங்குக்கும் இஸ்திரிக்கும் எங்க போட்டிருக்க?”

நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அக்கா பேனாவை வாங்கி, வண்டிக்கூலிக்கு மேலே இருந்த இடுக்கில் ‘30’ என்று தானே எழுதினாள். சட்டை விலை 1,330. மாதத் தவணை 133.